பத்து வருடம் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்த கைக்கு தமிழ்99 பழகுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பத்து வருடமாக ஆங்கில எழுத்துகளை அடித்து அதைத் தமிழாக மாற்றும் முறையில்தான் வினாத்தாள், பயிற்சித்தாள், கட்டுரை எல்லாம் அடிக்கிறீர்கள். மாலையானால் மணிக்கட்டும் சுண்டுவிரலும் வலிக்கின்றன. நாற்பத்து நான்கு வயதில் தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பைக் கற்றுக்கொள்ள முடியுமா, அதற்குத் தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு வாங்க வேண்டுமா, இல்லை இனிமேல் வாயால் பேசியே அடித்துவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

முடியும், கற்றுக்கொள்ளுங்கள். கீபோர்டு வாங்க வேண்டாம். பேசி அடிப்பது உங்கள் வேலைக்கு அவ்வளவாக ஒத்துவராது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அரைகுறையாக யோசனை கேட்டு ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு விட்டவர்கள் நிறைய பேர் எனக்குத் தெரியும். விட்டதற்குக் காரணம் பெரும்பாலும் முறை அல்ல, எங்கே இடறும் என்று யாரும் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லாததுதான்.

நான் மொழிபெயர்ப்பாளன். தினமும் எட்டுப் பத்துப் பக்கம் தமிழ் அடிக்கிறவன். முதல் ஒன்பது வருடம் உங்களைப் போலவே ஆங்கில எழுத்தில்தான் அடித்தேன், வேகமாகவும் அடித்தேன், மாறவே தேவையில்லை என்று மற்றவர்களிடம் வாதாடியும் இருக்கிறேன். அப்புறம் ஒரு பெரிய வேலையின் நடுவில் வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகத் தொடங்கியதும்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

முதலில் விசைகளை எண்ணிப் பாருங்கள். 'மருத்துவமனை' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் முழுதாக அடித்தால் 16 எழுத்து வரும், 'த்து' ஒன்றுக்கே ஐந்து விசை. தமிழ்99 முறையில் ம, ர, உ, த, த, உ, வ, ம, ன, ஐ, ஆக 10 விசை. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதற்கு அங்கே 22 எழுத்து, கூடவே ண, ள இரண்டுக்கும் ஷிஃப்ட் அழுத்த வேண்டும், மொத்தம் 24. இங்கே 19, ஷிஃப்ட் கிடையாது. எல்லாச் சொல்லிலும் இவ்வளவு வித்தியாசம் வராது. 'அவருக்கு' மாதிரிச் சொற்களில் ஒரே ஒரு விசைதான் மிச்சம். ஆனால் ஒரு நாளுக்கு ஐந்து பக்கம் அடிக்கிற கைக்கு இது கூடிக் கூடி வரும். உங்கள் சுண்டுவிரல் வலிக்கு அந்த ஷிஃப்ட்தான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, நான் மருத்துவர் அல்ல, வலி தொடர்ந்தால் கட்டாயம் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் ண, ள, ற மூன்றுக்கும் ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டிருப்பது தமிழுக்கு எவ்வளவு பொருந்தாத வேலை என்று ஒரு பக்கத்தில் அந்த மூன்று எழுத்தும் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவ்வளவு விசை எப்படி மிச்சமாகிறது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், தமிழ் ஆசிரியை என்பதால் உங்களுக்கும் பிடிக்கும். தமிழ்99 அமைப்பில் ஒரு மெய் விசையை அழுத்தினால் அகரம் ஏறிய எழுத்தாகவே வருகிறது, அதாவது க அழுத்தினால் க. அதற்குப் பிறகு இ அழுத்தினால் கி, ஊ அழுத்தினால் கூ. புள்ளி வேண்டுமானால் ஃ விசை. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று ஆறாம் வகுப்பில் நீங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது எதுவோ, அதையே விரல் செய்கிறது. ஆங்கில எழுத்து முறையில் அகரம் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசை தட்டவேண்டும், தமிழில் அகரம்தான் எங்கும் நிறைந்திருக்கிறது.

அடுத்தது தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக வந்துவிடும். ப, க, க, ம, ஃ என்று அடித்தால் 'பக்கம்'. அதேபோல மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் புள்ளி தானாகவே விழும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இன எழுத்து என்று நாம் படித்த அந்த ஆறு சோடிகளும் அப்படியே மென்பொருளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. 'தம்பி' என்பதற்கு த, ம, ப, இ, நான்கே விசை.

இந்தச் சோடிகளைக் கீபோர்டில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வலது கையை வழக்கமான இடத்தில் வைத்தால் ஆள்காட்டி விரலடியில் ப, நடுவிரலடியில் ம. மோதிர விரலடியில் த, சுண்டுவிரலடியில் ந. மேல் வரிசையில் ற, ன, ட, ண, ச, ஞ என்று வரிசையாக வருகின்றன. அதாவது ப-ம, த-ந, ற-ன, ட-ண, ச-ஞ எல்லாமே பக்கத்துப் பக்கத்து விசைகள். அதுவும் மெல்லினம் எப்போதும் வலப்பக்கம், வல்லினம் இடப்பக்கம். ஆகவே 'ந்த' அடிக்கும்போது விரல் வெளியிலிருந்து உள்ளே உருளும், 'ம்ப', 'ன்ற', 'ண்ட' எல்லாமே அதே உருளல். மேசையில் விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரல் வரை வரிசையாகத் தட்டிப் பாருங்கள், எதிர்த்திசையைவிட அதுதான் இலகுவாக வரும். க-ங மட்டும் இப்படி இல்லை. க வலது கை ஆள்காட்டி விரலுக்கு, ங அதற்குக் கீழே இடது பக்கம் தள்ளி. அதையும் இரண்டு நாளில் கை தெரிந்துகொள்ளும்.

இடது கையில் உயிரெழுத்துகள். நடு வரிசையில் அ, இ, உ, ஃ, எ. குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில்: அ மேலே ஆ, இ மேலே ஈ, உ மேலே ஊ, எ மேலே ஏ. ஃ மேலே ஐ. ஒ, ஓ, ஔ மட்டும் கீழ் வரிசையில். எல்லாக் கீபோர்டிலும் இரண்டு விசைகளில் ஒரு சின்ன மேடு இருக்குமே, கண்ணால் பார்க்காமல் விரலை நிறுத்துவதற்காக வைத்தது, அதில் இடது மேட்டில் தமிழ்99 வைத்திருப்பது ஃ, அதாவது புள்ளி. தமிழில் புள்ளி எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை இடது கையின் வலுவான விரலுக்கு அடியிலேயே வைத்த ஆள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். மெய் வலது கை, உயிர் இடது கை என்பதால் கைகள் மாறி மாறி இயங்கும். ஒரே கை தொடர்ந்து உழைக்காது.

இது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் தட்டச்சு இயந்திரம் வந்த காலத்திலேயே அதன் எழுத்து அமைப்பு நிலைபெற்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையாதான் அதன் தந்தை என்று சொல்வார்கள். இயந்திரத்தில் எழுத்தின் துண்டுகளைத் தனித்தனியே அடித்துப் பொருத்த வேண்டும். 'கொ' வேண்டுமானால் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. கணினி வந்த பிறகும் அதே அமைப்பு தொடர்ந்தது, கூடவே ஆளாளுக்கு ஒரு கீபோர்டு, ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறக்க முடியாத நிலை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985லேயே தொடங்கிய முரசு மென்பொருள் பின்னால் அஞ்சல் முறை என்ற ஆங்கில எழுத்து வழியைப் பரவலாக்கியது, வெளிநாட்டுத் தமிழர் பலர் தமிழில் எழுதத் தொடங்கியதற்கு அது பெரிய காரணம், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது, அடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில். அந்தச் சென்னை மாநாட்டை ஒட்டித்தான் தமிழக அரசு ஒரு பொது அமைப்பை அறிவித்தது, அதனால்தான் பெயரில் 99. அப்போதே இதனுடன் டேம், டேப் என்ற இரண்டு எழுத்துக் குறியீடுகளையும் அறிவித்தார்கள், அவை நிற்கவில்லை, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, 2010இல் அரசும் யூனிகோடுக்கு வந்தது. ஆனால் கீபோர்டு அமைப்பு மட்டும் நின்றது. குறியீடு மாறினாலும் விரல் போகிற வழி மாற வேண்டியதில்லை என்பது அதன் பலம்.

தட்டச்சுத் தேர்வு எழுதப் போகிறவராக இருந்தால் என் பதிலே வேறு. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் எழுதி தட்டச்சர் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் பழைய இயந்திர அமைப்பையே கற்க வேண்டும், அதைக் கற்றவர்களுக்குக் கணினியிலும் அதே அமைப்பு கிடைக்கிறது, அதை விட்டு இதற்கு வா என்று நான் யாரையும் இழுக்க மாட்டேன். இலங்கை அரசு அலுவலகங்களில் ரெங்கநாதன் அமைப்பு என்ற தட்டச்சு வழி. அங்கே வேலை செய்பவருக்கு அதுதான் சரி. உங்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்று, உங்கள் வேலைக்கே உரியது. நீங்கள் அடிக்கிற வினாத்தாளில் மயங்கொலிச் சொற்கள் ஒரு பகுதி இருக்குமே, மனம்-மணம், கரி-கறி, பல்லி-பள்ளி. சொல்லை ஊகித்துப் பட்டியல் காட்டும் ஒலிபெயர்ப்புக் கருவியில் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி அடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண் தாளில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. அவசரத்தில் முதலில் இருப்பதையே தட்டிவிடுவோம். நான் திருத்திய எத்தனையோ கைப்பிரதிகளில் எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்த சொல்லே தப்பாக வந்திருக்கும், காரணம் கருவி முதலில் காட்டியதை அவர் ஏற்றுக்கொண்டதுதான். தமிழ்99இல் ன ஒரு விசை, ண இன்னொரு விசை, ந மூன்றாவது விசை. ர ஓரிடம், ற வேறிடம். எது என்று முடிவு செய்துவிட்டுத்தான் விரலை நகர்த்தவே முடியும். மாறின பிறகு என் எழுத்துப்பிழைகள் குறைந்ததை நானே பழைய கோப்புகளைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாணவர்களைக் கணினி அறையில் உட்காரவைத்துத் தமிழ் அடிக்கச் சொல்கிறவர் நீங்கள் என்றால் இது இன்னும் முக்கியம். தமிழ்ச் சொல் ஒன்றை அடிக்க முதலில் அதை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். வலது சுண்டுவிரலுக்கு வேலை அதிகம். ந, ய, ண, ச, ஞ, ழ எல்லாமே அந்த ஓரத்தில்தான், போதாததற்கு என்டரும் பேக்ஸ்பேஸும் அங்கேயே. நான் ச, ஞ இரண்டையும் மோதிர விரலால் அடிக்கப் பழகிக்கொண்டேன், கொஞ்சம் கை நகர்த்த வேண்டும், ஆனால் சுண்டுவிரல் பிழைக்கும். உங்களுக்கு ஏற்கனவே வலி இருப்பதால் முதல் நாளிலிருந்தே அப்படிப் பழகுங்கள் என்பேன். வ இடது கைப் பக்கம் போய்விட்டது, அதனால் 'வா', 'வி', 'வே' எல்லாம் ஒரே கையில் அடிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் வ கொஞ்சமாகவா வருகிறது? இது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகளுக்கு ஷிஃப்ட் வேண்டும், ஆங்கிலப் பெயர் நிறைய வரும் கட்டுரைகளில் தெரியும்.

தானாக விழும் புள்ளி சில இடத்தில் வேண்டாத புள்ளி வைத்துவிடும். முதல் வாரம் பாதிப் பேர் விட்டுவிட்டு ஓடுவது இங்கேதான். 'நதி' என்று ந, த, இ அடித்தால் பல மென்பொருள்களில் 'ந்தி' என்று வந்து நிற்கும். வவுனியா என்று அடித்தால் 'வ்வுனியா'. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு அ தட்டினால் சரியாகிவிடும்: ந, அ, த, இ. அதேபோல வ, அ, வ, உ. 'தத்தை' வேண்டுமா, த, அ, த, த, ஐ. 'பப்பாளி'க்கும் இதே கதை. அகரத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் புள்ளி விழாது, அவ்வளவுதான் விதி. இப்படி வரும் சொற்கள் குறைவு, ஒரு மாதத்தில் கை தானாக அந்த அ-வைத் தட்டப் பழகிவிடும்.

சரி, எப்படிப் பழகுவது? கோடை விடுமுறை வரட்டும். தேர்வு நேரத்தில், வினாத்தாள் நாளைக்கு வேண்டும் என்ற நிலையில் தொடங்கினால் நிச்சயம் பழைய முறைக்கே திரும்பிவிடுவீர்கள். தொடங்கின நாளிலிருந்து பழைய முறையைக் கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள், பக்கத்தில் வைத்திருந்தால் கை அங்கே போகும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கையை வருத்தாதீர்கள். முதல் மூன்று நாள் நடு வரிசை மட்டும். அ, இ, உ, ஃ, எ, க, ப, ம, த, ந, ய. இதை வைத்தே எத்தனை சொல் அடிக்கலாம் பாருங்கள்: தம்பி, பக்கம், நகம், அந்த, இந்த, எந்த, மதிப்பு, தயக்கம், நிம்மதி, பக்தி, அப்பம், கம்பு. அப்புறம் மேல் வரிசை நெடில்கள். அப்புறம் ற, ன, ட, ண. கடைசியாகக் கீழ் வரிசை. எழுத்து அமைப்பின் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டிவையுங்கள், கீபோர்டின் மேல் ஒட்டாதீர்கள். கண் திரையிலேயே இருக்க வேண்டும்.

இதனால்தான் தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு வேண்டாம் என்றேன். கடையில் விற்கும் ஒட்டுவில்லைகளும் வேண்டாம். எழுத்து கீழே இருந்தால் கண் கீழே போகும், கீழே போன கண் திரும்பாது. பத்து வருடமாக ஆங்கிலக் கீபோர்டில் தட்டியிருக்கிறீர்கள், எந்த விசை எங்கே இருக்கிறது என்று விரலுக்கு ஏற்கனவே தெரியும், அந்த இடத்தில் இருக்கும் எழுத்தின் பெயர்தான் மாறப்போகிறது. எனக்கு எழுத்துகள் இருக்கும் இடம் மனத்தில் பதிய ஒரு வாரம் ஆனது, பழைய வேகம் திரும்ப வர ஐந்து வாரம் பிடித்தது. அதில் இரண்டாவது வாரம்தான் மோசம். தெரிந்த மாதிரியும் இருக்கும், கை தப்பான இடத்துக்கும் போகும், ஒரு மின்னஞ்சல் எழுத அரை மணி ஆகும். அந்த வாரத்தைத் தாண்டிவிடுங்கள், போதும்.

கீபோர்டு வாங்குவதில் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். மடிக்கணினியில்தான் அடிக்கிறீர்கள் என்றால் ஒரு சாதாரணக் கம்பிக் கீபோர்டு, முழு அளவில், வாங்கி இணைத்துக்கொள்வது மணிக்கட்டுக்கு நல்லது. திரையைக் கண் உயரத்துக்குத் தூக்கிவைக்கலாம், கையைத் தாழ வைக்கலாம். விலை அதிகமான, விசைக்கு விசை ஸ்பிரிங் வைத்த மெக்கானிக்கல் வகை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தேவையில்லை, ஆசிரியர் அறையில் அதன் சத்தத்தை மற்றவர்கள் பொறுக்க மாட்டார்கள். கட்டாயம் தவிர்க்க வேண்டியது கைப்பைக்குள் போகும் சின்ன ப்ளூடூத் கீபோர்டுகள். இடம் மிச்சம் பிடிக்க வலது ஓரத்து விசைகளைத்தான் பாதி அளவாக்குவார்கள், சிலதில் இடத்தையே மாற்றிவிடுவார்கள். ஆங்கிலம் அடிப்பவருக்கு அங்கே இருப்பது அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்தான், ஆகவே பெரிய நஷ்டம் இல்லை. நமக்கு அங்கே இருப்பது ந, ய, ச, ஞ, ழ. நான் ஒரு முறை பயணத்துக்கென்று அப்படி ஒன்று வாங்கினேன். 'நினைச்சு' என்று அடிக்கப் போனால் ச இருக்க வேண்டிய இடத்தில் பேக்ஸ்பேஸ் இருந்தது, அடித்ததெல்லாம் அழிந்துகொண்டே போனது. கடையில் வாங்கும்போது வலது ஓரத்தை ஒரு தடவை பாருங்கள், விசைகள் மற்றவற்றின் அளவிலேயே இருக்கின்றனவா என்று.

பேசி அடிப்பதைப் பற்றி. கூகுள் 2017இல் தமிழுக்குக் குரல் வழித் தட்டச்சைக் கொண்டுவந்ததிலிருந்து அது நன்றாகவே வளர்ந்திருக்கிறது, நானே போனில் செய்தி அனுப்ப அதைத்தான் பயன்படுத்துகிறேன், கட்டுரையின் முதல் வரைவை நடந்துகொண்டே பேசி வைத்துக்கொள்ளவும் நல்லது. ஆனால் வினாத்தாளில் கோடிட்ட இடம், அடைப்புக்குள் மதிப்பெண், செய்யுள் வரியின் சீர் பிரிப்பு, வேண்டுமென்றே எழுதிய பிழையான சொற்றொடர், இவையெல்லாம் பேசி வராது. பிழையாக ஒரு சொல்லைச் சொன்னால் அது திருத்தித்தான் தரும், உங்களுக்கோ பிழைதான் வேண்டும். இன்னொன்றும் யோசியுங்கள்: பேச்சை எழுத்தாக்கும் சேவைகள் பல உங்கள் குரலை வெளியே எங்கோ உள்ள கணினிக்கு அனுப்பித்தான் எழுத்தாக்குகின்றன. தேர்வுக்கு முந்தின வாரம் வினாத்தாளைச் சத்தமாகப் படிப்பது, அதுவும் ஆசிரியர் அறையில், வேண்டாமே.

போனில் தமிழ்99 வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் இல்லை. செல்லினம் என்ற போன் செயலியில் அது இருக்கிறது, ஐபோனில் கூடவே வரும் தமிழ்க் கீபோர்டுகளிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்டைவிரலால் அடிக்கும்போது வலது கை மெய், இடது கை உயிர் என்ற வசதியின் பெரும்பகுதி போய்விடுகிறது. கணினியில் நன்றாகக் கை படிந்த பிறகு போனிலும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பள்ளியில் பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் கிடக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்து வைத்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரியும், ஏனென்றால் கோப்புக்குள் உண்மையில் இருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. அதில் தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. தேவைப்படும்போது மாற்றிக்கொடுக்கும் கருவிகளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை கண்ணால் படித்துச் சரிபார்த்துச் சேமியுங்கள், மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி வரும். புதிதாக அடிப்பது எல்லாம் யூனிகோடில் மட்டும். அச்சகத்தில் பழைய எழுத்துருவில்தான் வேண்டும் என்று கேட்டால் அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளாக இருக்கும், அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல், யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் வைத்திருந்தும் எழுத்து உடைகிறது என்று சொன்னால், பத்தி அமைப்பை வேர்ல்ட் ரெடி கம்போசருக்கு மாற்றச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு அச்சகங்களில் அதைச் சொன்னதும் பிரச்சினை தீர்ந்தது.

நிறுவுவது சுலபம். முன்பு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்று தனியாக இறக்கி நிறுவினோம், தன்னார்வலர்களும் சிறு நிறுவனங்களும் இலவசமாகக் கொடுத்த அந்த மென்பொருள்கள் இல்லையென்றால் எங்கள் தலைமுறை தமிழில் எழுதியே இருக்காது. இப்போது விண்டோஸ் 11இல் தனியாக எதுவும் வேண்டாம். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள், தமிழின் விருப்பங்களைத் திறந்து கீபோர்டு சேர்க்கும் இடத்தில் தமிழ் 99 என்பதைத் தேர்ந்தெடுங்கள், கூடவே தானாக வந்திருக்கும் மற்ற தமிழ்க் கீபோர்டுகளை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் மாற்றும்போதெல்லாம் எது வரும் என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். பள்ளிக் கணினியில் லினக்ஸ் இருந்தால் ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டு அமைப்பில் தமிழ்99 கிடைக்கும்.

சேர்த்து முடித்ததும் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து கையை மேடுகளில் வைத்து, வலது மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது மோதிர விரல் என்று வரிசையாக ஒரு முறை தட்டுங்கள். 'தம்பி' என்று வந்தால் எல்லாம் சரியாக நிறுவப்பட்டிருக்கிறது. 'தமபி' என்று புள்ளியில்லாமலோ வேறு எழுத்துகளாகவோ வந்தால் நீங்கள் வேறு ஏதோ கீபோர்டைச் சேர்த்திருக்கிறீர்கள், அதை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.